கடைவாசலில் நிற்கும் மிதிவண்டி: பூட்டு, டோக்கன், காவல் குறித்த ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மிதிவண்டியில் கடைத்தெருவுக்கு வருபவர் கடைக்குள் நுழைந்து வெளியேறும் சில நிமிடங்களில் அவ்வண்டியைக் காத்தவர் யார் என்னும் வினாவை, தமிழக நகரங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இங்குப் பரவலாக வழங்கிய வளையப் பூட்டு, வண்டியைத் தனியே விட்டுச்செல்வதற்கென அமைந்த கருவி அன்று. சுற்றிலும் பார்க்கும் கண்கள் உண்டு என்னும் எதிர்பார்ப்பின்மீது அமைந்த கருவி என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பூட்டின் பொறியமைப்பு, மிதிவண்டி நிறுத்தகத்தின் டோக்கன் முறை, நகராட்சி வரிவில்லை, ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், வழக்குச்சொற்கள் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, வளையப் பூட்டு, நிறுத்தகம், டோக்கன், ஒப்படைப்பு, வரிவில்லை, கடைத்தெரு.

முன்னுரை

மிதிவண்டியின் வரலாறு பெரும்பாலும் அது ஓடிய வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி வடிவமைத்த 'ரோவர்' வண்டி, 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர், காலனிய இந்தியாவுக்கு வந்த இறக்குமதி, விடுதலைக்குப் பின் உள்நாட்டு உற்பத்தி என அவ்வரலாறு நகரும். டேவிட் அர்னால்டு 2013இல் வெளியிட்ட, அன்றாடத் தொழில்நுட்பம் பற்றிய நூல் தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, நெல் அரைவை ஆலை ஆகியவற்றோடு மிதிவண்டியையும் சேர்த்து, சிறு எந்திரங்கள் இந்தியரின் வாழ்வை மாற்றிய விதத்தை விரிவாகப் பேசியது. எனினும் மிதிவண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நின்றுகொண்டே கழிக்கிறது. ஓடும் வண்டியைத் திருட இயலாது. நிற்கும் வண்டியே களவுபோகும்.

நிற்கும் நேரத்திலும் வேறுபாடு உண்டு. இரவில் வண்டி வீட்டு நடைக்குள் ஏற்றப்படுகிறது. அலுவலகம், ஆலை, பள்ளி ஆகியவற்றில் அது மதிலுக்குள் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில், மளிகைக் கடையில் எண்ணெய் வாங்கவும், மருந்துக் கடையில் சீட்டைக் காட்டவும், அஞ்சல் நிலையத்தில் தலை வாங்கவும் இறங்கும் ஐந்து நிமிடங்களே காவலற்றவை. நிறுத்தகத்தில் கட்டணம் செலுத்த அது மிகக் குறுகிய நேரம்; கண்ணை எடுக்க அது மிக நீண்ட நேரம். டி சிகாவின் 'மிதிவண்டித் திருடர்கள்' (1948) திரைப்படத்தில் சுவரொட்டி ஒட்டும் தொழிலாளி ஏணியில் ஏறிநிற்கும் நேரத்தில்தான் சுவரில் சாய்த்திருந்த வண்டி பறிபோகிறது. போருக்குப் பிந்திய ரோம் நகரில் அவ்வண்டியோடு அவன் வேலையும் போயிற்று. பால்காரர், அஞ்சற்காரர், மீன் விற்பவர், சோடாப் புட்டிப் பெட்டி ஏற்றுபவர் எனப் பலரின் பிழைப்பு இரு சக்கரங்களில் நின்ற தமிழக நகரங்களிலும் இழப்பின் அளவு அதுவே. எனவே இந்த ஐந்து நிமிடம் வரலாற்றின் கவனத்துக்கு உரியது.

வளையப் பூட்டும் அதன் எதிர்பார்ப்பும்

தமிழகத்தில் மிதிவண்டி என்றவுடன் நினைவுக்கு வருவது, 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் இரும்புச் சட்டமும் கொண்ட 'ரோடுஸ்டர்' வகை வண்டி. முதலில் இங்கிலாந்திலிருந்தும், 1930களில் ஜப்பானிலிருந்து மலிவாகவும் வந்த வண்டிகள், பின்னர் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலும், அசன்சோல், சோனிபட், லூதியானா முதலிய ஊர்களிலும் செய்யப்பட்டன. எல்லாவற்றின் வடிவமும் ஏறத்தாழ ஒன்றே. கேரியரும் செயின் கார்டும் ஸ்டாண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20 கிலோ எடை.

இவ்வண்டியின் பின்சக்கரத்துக்கு மேல், இருக்கையிலிருந்து இறங்கும் இரு கம்பிகளில் திருகாணியால் பொருத்தப்பட்டது வளையப் பூட்டு. விசையை அழுத்தினால் வளைந்த இரும்புத் தண்டு ஒன்று ஆரக்கால்களுக்கு இடையே புகுந்து மறுபுறம் மாட்டிக்கொள்ளும். சாவி திருப்பினால் வில்விசையின் ஆற்றலால் தண்டு 'டக்' எனப் பின்வாங்கும். ஒரு கையால் ஒரு நொடியில் முடியும் செயல். பையில் தனியே எடுத்துச்செல்லச் சங்கிலியும் இல்லை; கட்டிவைக்கக் கம்பமும் தேவையில்லை. கடைக்குள் எட்டிப் பார்த்துத் திரும்புபவருக்கு இதனினும் ஏற்ற கருவி வேறில்லை.

இக்கருவி எதை எதனோடு பிணைக்கிறது என்பதே இங்கு முதன்மையான வினா. கதவுப் பூட்டு கதவை நிலையோடு பிணைக்கிறது. மாட்டின் கயிறு மாட்டை முளையோடு பிணைக்கிறது. 1970களில் அமெரிக்காவில் புகழ்பெற்ற 'யு' வடிவ எஃகுப் பூட்டு வண்டியின் சட்டத்தைத் தெருவோரக் கம்பத்தோடு பிணைக்கிறது. வளையப் பூட்டோ வண்டியை வண்டியோடே பிணைக்கிறது. பூட்டிய வண்டியை ஓட்ட இயலாது, உருட்டவும் இயலாது, தூக்கிச் செல்ல இயலும். பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி முன்சக்கரத்தில் தள்ளிச்செல்லவும் இயலும். அதாவது, திருடனைத் தடுப்பது இப்பூட்டின் வேலை அன்று. திருடனை விந்தையாக நடக்கச் செய்வதே இதன் வேலை. 20 கிலோ வண்டியின் பின்பாகத்தைத் தூக்கியபடி கடைத்தெருவில் ஒருவன் நடந்தால் அவனை நான்கு பேர் பார்ப்பர், ஒருவராவது கேட்பார். பூட்டு தொடங்கிவைக்கும் காவலை முடித்துவைப்பது தெரு.

இந்த எதிர்பார்ப்பைப் பூட்டின் தரமும் உறுதிசெய்கிறது. மலிவான வளையப் பூட்டுகளில் சாவியின் பல்வடிவங்கள் சிலவே. ஒரு வண்டியின் சாவி வேறொரு வண்டியைத் திறந்துவிடும் என்பதை மிதிவண்டி பழுதுபார்ப்போர் அனைவரும் அறிவர். சாவி தொலைந்தால் பக்கத்துப் பஞ்சர் கடைக்குத் தூக்கிச்சென்று சுத்தியால் தட்டித் திறப்பதும் வழக்கம். தட்டித் திறக்கும் ஒலி கேட்டு வருபவர் ஒருவர் இருப்பார் என்னும் நம்பிக்கை இல்லாவிடில் இத்தகைய பூட்டைக் காசு கொடுத்து வாங்குவது பொருளற்றது. (உறுதிக்குப் பெயர்பெற்ற 'யு' பூட்டும் முழுக்க நம்பத்தக்கதாய் இருக்கவில்லை. அதன் குழல்வடிவச் சாவித்துளை எழுதுகோலின் பிளாஸ்டிக் உறையால் திறக்கப்பட்டது 2004இல் உலகச் செய்தியாயிற்று.)

தமிழகத்துக்குப் பூட்டுத் தொழில் புதிதன்று. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் சிறப்பு, சாவியின்றித் திறக்க இயலாத அதன் உட்பொறிகளில் உள்ளது. ஆனால் அப்புகழ் கோவில் கதவுக்கும், பணப்பெட்டிக்கும், கிட்டங்கிக்கும் உரியது. இரவு முழுதும் ஆளின்றிக் கிடக்கும் பொருளுக்கு அத்தகைய பூட்டு வேண்டும். பகலில், கூட்டத்தில், ஐந்து நிமிடம் நிற்கும் வண்டிக்கு ஒரு நொடியில் விழும் தண்டே போதும் என்று சமூகம் கணக்கிட்டது. இரு பூட்டுகளின் வேறுபாடு தொழில்திறனில் இல்லை, சூழலில் உள்ளது.

பூட்டின் எல்லைக்கு வெளியே

வளையப் பூட்டு காப்பது பின்சக்கரத்தின் சுழற்சியை மட்டுமே. மணியின் மூடி, டைனமோ, விளக்கு, இருக்கை உறை, கேரியரில் மாட்டிய காற்றுப் பம்பு ஆகியன அதன் எல்லைக்கு வெளியே நின்றன. வால்டியூப்பைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவது திருட்டினும் விளையாட்டுக் குறும்பாகவே கருதப்பட்டது. எனினும் வெயிலில் வண்டியைத் தள்ளிச்சென்றவருக்கு அவ்வேறுபாடு பெரிதாய்த் தோன்றியிராது. இரட்டைக்கால் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால், பூட்டாத வண்டியின் பெடலைச் சிறுவர்கள் சுழற்றி விளையாடுவர். அதைத் தடுக்கவே பலர் பூட்டினர் என்பது மிகையன்று.

கழற்றத்தக்க உறுப்புகளின் இழப்பு இன்னொரு பழக்கத்தை வளர்த்தது. செயின் கார்டிலும் மட்கார்டிலும் பெயரையோ பெயரின் முதலெழுத்தையோ ஊரையோ வண்ணத்தில் எழுதுதல் அப்பழக்கம். வாடகை மிதிவண்டிக் கடைகள் தம் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதின. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த வண்டியை ஒருவன் கடைத்தெருவில் விட்டுவிட்டு நிம்மதியாக உள்ளே செல்ல முடிந்ததற்கு அவ்வெழுத்தும் ஒரு காரணம். அவ்வண்டியை அறியாதவர் அப்பகுதியில் இல்லை. அக்கடைகள் தெரியாதவர்க்கு வண்டி கொடுப்பதில்லை. 'யார் வீட்டுப் பிள்ளை' என்பதே பிணை. கடைவாசலில் நின்ற வாடகை வண்டியும் அதே வினாவால் காக்கப்பட்டது.

நிறுத்தகமும் டோக்கனும்

நீண்ட நேரம் நிற்கும் வண்டிக்கு வேறு ஏற்பாடு இருந்தது. திரையரங்கு, இரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை, திருவிழாத் திடல் ஆகியவற்றை ஒட்டி 'சைக்கிள் ஸ்டாண்டு' எழுந்தது. பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் கட்டணம் வசூலிக்கும் உரிமையை நகராட்சிகள் ஏலம் அல்லது ஒப்பந்தப்புள்ளி வழியே குத்தகைக்கு விட்டன. அந்த முறை இன்றும் தொடர்கிறது.

டோக்கன் முறை எளிமையானது. ஒரே எண் இருமுறை அச்சிட்ட சீட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைக் கைப்பிடியிலோ பிரேக் கம்பியிலோ செருகி, மறுபாதியை வண்டிக்காரரிடம் தருவர். சில இடங்களில் துளையிட்ட தகர வில்லைகள் இணையாக வழங்கின. வேறு சில இடங்களில் இருக்கையின்மேல் சுண்ணக்கட்டியால் எண் எழுதப்பட்டது. திரும்பி வருபவர் பாதியைக் காட்டினால் வண்டி கிடைக்கும். 'டோக்கன் இல்லாமல் வண்டி தரப்பட மாட்டாது' என்னும் வாசகமும், 'பொருள்கள் காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்னும் வாசகமும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம்.

இவ்விரு வாசகங்களும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு, ஒரு நோக்கத்திற்காகப் பொருளை ஒப்படைத்து, நோக்கம் முடிந்தபின் திரும்பப் பெறும் உறவை வரையறுக்கிறது. அத்தகைய ஒப்படைப்பில், பொருளைப் பெற்றவர் அதே அளவும் தன்மையும் மதிப்பும் கொண்ட தம் சொந்தப் பொருளை இயல்பான முன்மதியுடைய ஒருவர் எவ்வாறு காப்பாரோ அவ்வாறு காக்க வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. டோக்கன் இன்றி வண்டியை வெளியே விட மறுப்பவர், அவ்வண்டியின்மீது தமக்குக் கட்டுப்பாடு உண்டு என அறிவிக்கிறார். கட்டுப்பாடு உண்டெனில் காக்கும் கடமையும் உண்டு. முதல் வாசகம் ஏற்கும் பொறுப்பை இரண்டாம் வாசகம் மறுக்க முனைகிறது.

இம்முரண் மகிழுந்து தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1998இல் தில்லி நட்சத்திர விடுதி ஒன்றில் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைக்கப்பட்ட மகிழுந்து களவுபோனது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டி விடுதி தன் கவனக்குறைவிலிருந்து தப்ப இயலாது என 2019இல் தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்தவர்களுள் காப்பீட்டு நிறுவனமும் ஒன்று. மிதிவண்டிக்காரருக்குப் பின்னால் அத்தகைய நிறுவனம் இல்லை. சில ரூபாய்க் கட்டணத்தில் நிறுத்திய வண்டி காணாமற்போனால் 151ஆம் பிரிவை யார் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்வர்? ஆகவே பலகையின் இரண்டாம் வாசகம் சட்டத்தில் வலுவற்றதாயினும் நடைமுறையில் வென்றுவந்துள்ளது. நிறுத்தகத்தைக் காத்தது சட்டம் அன்று. நாள்தோறும் வந்துசெல்லும் முகங்களை அறிந்திருந்த காவலாளின் நினைவாற்றலே.

'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்'

ஐந்து நிமிடக் கடைவேலைக்கு நிறுத்தகம் பயன்படவில்லை. அதற்கான நிறுவனம் வேறு, அது எழுதப்படாதது. திருச்சிப் பெரியகடை வீதி, மதுரை மாசி வீதிகள் போன்ற நெருக்கமான தெருக்களில், வாடிக்கையாளர் தமக்குப் பழக்கமான ஒரு கடையின் முன் வண்டியை நிறுத்துவார். அங்கு ஏதேனும் ஒன்றை வாங்கியோ, வாங்கப்போவதாகச் சொல்லியோ, 'அண்ணாச்சி, வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கூறி அடுத்தடுத்த கடைகளுக்குச் செல்வார். கடைக்காரர் தலையசைப்பார். சில வேளை அதுவும் இராது.

'பார்த்துக்கொள்' என்னும் கூட்டுவினை இங்கு நுண்ணிய பொருள் தருகிறது. 'பார்' என்பது கண்ணின் தொழில். 'கொள்' சேர்ந்தவுடன் அது பொறுப்பாகிறது. குழந்தையையும், முதிய பெற்றோரையும், பயிரையும், கடையையும் தமிழர் 'பார்த்துக்கொள்கின்றனர்'. வண்டிக்கும் அதே வினை. எனினும் 'கொஞ்சம்' என்னும் அடை அப்பொறுப்பைக் குறைத்து, கேட்பவருக்கும் ஏற்பவருக்கும் பின்வாங்க இடம் வைக்கிறது. வண்டி தொலைந்தால் அண்ணாச்சி ஈடு தர வேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அவர் பார்க்கவில்லை என்றால் மனக்குறை உண்டாகும். அடுத்த மாதக் கணக்கு வேறு கடைக்குப் போகவும் கூடும்.

சட்டநோக்கில் இது ஒப்படைப்பு ஆகாது. 149ஆம் பிரிவின்படி பொருள் பெறுபவரின் கைவசம் வர வேண்டும். பார்வை மட்டும் கைவசம் ஆகாது. வண்டிக்காரர் பூட்டிச் சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் வண்டி அவர் வசமே உள்ளது. ஆனால் வழியை மறைக்கிறதெனின் நகர்த்திவைக்குமாறு சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துச் சென்றால் நிலை மாறக்கூடும். கட்டணமின்றிச் செய்த ஒப்படைப்புக்கும் 151ஆம் பிரிவு பொருந்தும், ஏனெனில் அப்பிரிவு எல்லா ஒப்படைப்புகளையும் ஒன்றாகவே கொள்கிறது. சாவி கைமாறும் அந்த நொடியை வண்டிக்காரரும் கடைக்காரரும் சட்டமறியாமலே உணர்ந்திருந்தனர். 'சாவியெல்லாம் வேண்டாம், பூட்டிவிட்டே போங்கள்' என்னும் கடைக்காரரின் மறுமொழியில் அவ்வுணர்வு உள்ளது.

பால்காரரின் நிலை இதனின்றும் வேறு. இருபுறமும் பாற்கேன்கள் தொங்கும் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி வீடுவீடாக அளந்து ஊற்றுபவர் பெரும்பாலும் பூட்டுவதில்லை. சரக்கின் எடையே பூட்டு. மேலும் அத்தெருவில் அவ்வண்டியை அறியாதவர் இல்லை.

தெருவின் கண் யாருக்குரியது

தெருவின் காவலைப் போற்றிப் பேசுவது எளிது. அக்காவல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் உடன்சொல்ல வேண்டும். ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருக்களில் தலித் மக்கள் மிதிவண்டியில் ஏறிச்செல்லக் கூடாது, இறங்கித் தள்ளியே செல்ல வேண்டும் என்னும் கட்டுப்பாடு, தீண்டாமை வடிவங்கள் குறித்த தமிழகக் கள ஆய்வுகளில் இரட்டைக் குவளை முறையோடு சேர்ந்தே பதிவாகியுள்ளது. கடைகளுக்குள் நுழையும் உரிமையை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு வெளிப்படையாக வழங்கியது. வண்டியில் ஏறிச்செல்வதைத் தடுப்பது தனிக் குற்றமாகப் பெயர் சுட்டிச் சட்டத்தில் இடம்பெற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச்செல்வதைத் தடுப்பதைக் குற்றங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஏறிச்செல்லவே தடை உள்ள தெருவில் 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் செல்ல முடியுமா? அங்கு நிற்கும் வண்டியைப் பார்க்கும் கண்கள் காவற்கண்கள் அல்ல. அத்தகையவர்க்கு, முகமறியாத காவலாள் எல்லோரிடமும் ஒரே கட்டணம் பெற்று ஒரே அளவுச் சீட்டைக் கிழித்துத் தந்த நகர நிறுத்தகம் வேறொரு பொருளைத் தந்திருக்க வேண்டும். டோக்கனில் எண் மட்டுமே உண்டு, தெருப்பெயர் இல்லை. எழுதப்படாத காவலின் அன்பைவிட எழுதப்பட்ட சீட்டின் வறட்சி சிலருக்கு மேலானது என்பதைச் சமூக வரலாறு கணக்கில் கொள்ள வேண்டும்.

பெண்களின் வருகையும் இங்கு நினைக்கத்தக்கது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், மிதிவண்டிப் பயிற்சியை எழுத்தறிவோடு இணைத்தது. பி. சாய்நாத்தின் 1996ஆம் ஆண்டு நூல் அதனை உலகறியச் செய்தது. அந்நிகழ்வு பெண்கள் ஓட்டக் கற்றதாகவே பேசப்படுகிறது. ஓட்டக் கற்றவர் எங்கோ இறங்கியும் இருப்பார். ரேஷன் கடை வரிசையிலும் சந்தையிலும் தம் வண்டியை நிறுத்தி, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்ட பெண், அத்தெருவில் தமக்கென ஓர் இடத்தைப் பிடித்தார். 2001-02இல் பட்டியல் வகுப்பு மாணவியர்க்குத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் இந்நிலையைப் பொதுவாக்கியது. ஒரே நிறமும் ஒரே வடிவமும் கொண்ட வண்டிகள் வரிசையாக நிற்கையில் தம்முடையதை அடையாளம் காண, நாடாவும் ஒட்டுப்படமும் பெயரெழுத்தும் மீண்டும் தேவைப்பட்டன.

வரிவில்லை

மிதிவண்டிக்கு உரிமையாளர் யார் என்பதை அரசு அறிந்துவைத்திருந்த காலமும் உண்டு. வண்டிகளின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை 1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வழங்கியிருந்தது. மிதிவண்டிக்கு ஆண்டு வரி செலுத்தி, எண் பொறித்த உலோக வில்லையைப் பெற்று வண்டியின் முன்பக்கத்தில் பொருத்துவது உள்ளாட்சிகளில் நெடுங்காலம் நிலவியது. மக்கள் அதனைச் 'சைக்கிள் லைசென்ஸ்' என்றனர். வரியின் நோக்கம் வருவாய். ஆயினும் பதிவேட்டில் பெயரும் எண்ணும் சேர்ந்திருந்தமையால், கண்டெடுக்கப்பட்ட வண்டி யாருடையது என்று கேட்க ஓர் இடம் இருந்தது.

இத்தகைய வில்லைக்கு நெதர்லாந்து தரும் எடுத்துக்காட்டு எச்சரிக்கையாகவும் அமைகிறது. அங்கு 1924முதல் 1941வரை மிதிவண்டி வரி இருந்தது. செலுத்தியவர்க்குத் தரப்பட்ட உலோகத் தகடு வண்டியில் இருக்க வேண்டும். விளைவு, வண்டியை விட்டுவிட்டுத் தகட்டைத் திருடும் வழக்கம் பெருகியது. பலர் கடைக்குச் செல்லும்போது தகட்டைக் கழற்றி ஆடையில் மாட்டிக்கொண்டனர். ஜப்பான் பதிவு முறையை எடுத்துக்கொண்டது. அங்குத் திருட்டுத் தடுப்புப் பதிவு 1994முதல் கட்டாயம். வண்டியில் ஒட்டிய எண்ணைக் கொண்டு காவலர் உரிமையாளரை அறிவர். நெதர்லாந்திலும் ஜப்பானிலும் பின்சக்கர வளையப் பூட்டே இன்றும் பரவலாக உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோளுக்கு வலுவூட்டுகிறது. மெலிந்த பூட்டு அந்நாடுகளில் தனியே நிற்கவில்லை. ஒன்றில் பதிவேடு துணைநிற்கிறது. மற்றொன்றில் காவலுடைய நிறுத்தகம் துணைநிற்கிறது. 2019இல் முழுமையடைந்த உத்ரெக்ட் இரயில் நிலைய நிறுத்தகத்தில் மட்டும் ஏறத்தாழ 12,500 வண்டிகள் நிற்கலாம். தமிழகத்தில் வில்லை மறைந்தபின் பதிவும் மறைந்தது. சட்டத்தில் பொறித்த எண் ஒன்றே எஞ்சியது. வாங்கிய சீட்டைப் பாதுகாத்து அவ்வெண்ணைக் குறித்துவைத்தவர் எத்தனை பேர்?

'ஸ்டாண்டு' என்பதும் 'பாதுகாப்பு நிலையம்' என்பதும்

ஈழத்தமிழ் வழக்கு இங்கு ஓர் ஒப்பீட்டுக்கு இடம் தருகிறது. தமிழகத்தில் கட்டணம் செலுத்தி வண்டி விடும் இடம் 'ஸ்டாண்டு' அல்லது 'நிறுத்தம்'. இச்சொற்கள் வண்டி நிற்கும் நிலையை மட்டும் சொல்கின்றன. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோவிற் சூழலில் அமையும் அத்தகைய இடம் 'துவிச்சக்கர வண்டிப் பாதுகாப்பு நிலையம்' எனப்படும். அங்குப் பெறப்படும் கட்டணம் நிற்பதற்கன்று, காப்பதற்கு என்பதைப் பெயரே கூறிவிடுகிறது; 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்னும் வாசகத்தை அப்பெயருக்குக் கீழே எழுதுவது கடினம். 1990களின் முற்பகுதியில் எரிபொருள் தடையால் குடாநாட்டில் மிதிவண்டியே முதன்மை ஊர்தியாயிற்று என்பதும், நோயாளியும் விறகும் மூட்டைமுடிச்சும் அதிலேயே சென்றன என்பதும் அறியப்பட்டவை. அந்நிலையில் ஒரு வண்டியின் இழப்பு எவ்வளவு பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஐயாயிரம் ரூபாய் வரம்பு

தமிழக நிறுத்தகங்களின் பலகைகளில் இப்போது 'இருசக்கர வாகன நிறுத்தம்' என்று எழுதப்பட்டுள்ளது. அவ்விருசக்கரம் மோட்டார் சைக்கிள். கடைவாசல்களையும் அதுவே நிறைத்துள்ளது. கடைக்காரர் பலவிடங்களில் விற்பனையகத்தின் கண்ணாடிக் கதவுக்குள் சென்றுவிட்டார். வாசலில் சீருடைக் காவலர் நிற்கிறார். அவர் மகிழுந்தை உள்ளே வழிநடத்துவார். மிதிவண்டியைப் பெரும்பாலும் தள்ளி நிறுத்தச் சொல்வார். கண்காணிப்புப் படக்கருவி எல்லாவற்றையும் பதிவுசெய்கிறது, எனினும் பின்சக்கரத்தைத் தூக்கியபடி நடப்பவனை அது 'யாரப்பா நீ' என்று கேட்பதில்லை. வளையப் பூட்டு மட்டும் பழைய வடிவிலேயே தொடர்கிறது.

சட்டமும் மாறியுள்ளது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவில், நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளை உரியவரின் இசைவின்றி அவர் வசமிருந்து எடுக்கும்பொருட்டு நகர்த்துவதே திருட்டு. ஸ்டாண்டை எடுத்து ஓரடி தள்ளினாலும் குற்றம் நிறைவுறும். பொருளின் மதிப்பு அங்குப் பேசப்படவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டின் இலக்கணத்தைப் பெரிதும் மாற்றவில்லை, ஆனால் மதிப்பைக் கொண்டுவந்தது. களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாகவும், குற்றவாளி முதன்முறை தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமுதாயப் பணியே தண்டனை. சிறு திருட்டுக்குச் சிறை வேண்டாம் என்னும் நோக்கில் இது வரவேற்கத்தக்க சீர்திருத்தம். வறியவனைத் திருடனாக்கிச் சிறையில் அடைத்த நெடுவரலாற்றை அறிந்தவர் இதனைக் குறைகூறார்.

சிக்கல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் அட்டவணை இத்தகைய சிறுதிருட்டைக் காவலர் தாமே புலனாய்வு செய்ய இயலாத குற்றமாக வகைப்படுத்தியுள்ளது. குற்றவியல் நடுவரின் ஆணை வேண்டும். புதிய மிதிவண்டிகள் பல அவ்வரம்புக்கு மேற்பட்டவை. ஆனால் கட்டடத் தொழிலாளியும், இரவுக் காவலாளியும், காய்கறிக் கூடை கட்டிச் செல்பவரும் ஓட்டும் பழைய இரும்பு வண்டியின் சந்தை மதிப்பு பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அதன் உரிமையாளர் காவல் நிலையத்துக்குச் சென்றால், அவர் புகார் பதிவேட்டில் குறிக்கப்பட்டு, நடுவரை அணுகுமாறு அவர் அனுப்பப்படுவார். ஒருநாள் கூலியை விட்டு நீதிமன்றம் செல்ல வேண்டும். அங்குச் செல்லப் பேருந்துக் கட்டணமும் வேண்டும், ஏனெனில் வண்டி இல்லை. அதற்குள் அவ்வண்டி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடப்பட்டிருக்கக் கூடும்.